நோயலு மூஞ்சிக்குப் போட்ட வார்த்த

இங்கிலீஷ்ல எவனாச்சும் திட்னா எனக்குப் புரியும். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால ஆர்பர்ல பத்து வருசம் குப்ப கொட்னவன் நான், கேக்காத திட்டா? ஆனா இது திட்டா, புகழ்றதா, வியாதியா, ஒண்ணும் வெளங்கல. ஒரே ஒரு வார்த்த. இம்பாஸிவ். அந்த ஒரு வார்த்தயால என் தோஸ்து நோயலு இனிமே கிரேன்ல ஏறக்கூடாதுன்னு எங்க மொதலாளி சொல்லிட்டாரு.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிட்றேன். பேரு சிலுவைமுத்து, வூடு ராயபுரம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால வெள்ளத்துரை மொதலாளி யார்டுல சிக்னல் போட்ற வேலை. லாரிலேர்ந்து இரும்பு பிளேட்டு எறக்கும்போது, மேல கிரேன்ல குந்திகினு கீறவனுக்கு கீழ நடக்கறது முழுசாத் தெரியாது. நான் கீழ நின்னு கையால சொல்லுவேன். வெரல மேல தூக்கி சுத்துனா ஏத்து. கீழ காட்டி சுத்துனா எறக்கு. ரெண்டு கையையும் வயித்துக்கு முன்னால கோத்துகினு நின்னா புடி. புடின்னா, எது எப்டி கீதோ அப்டியே நிக்கணும், ஒரு இஞ்சு ஆடக்கூடாது. புடி போட்டவன் எவனோ அவன்தான் அத்த எடுக்கணும். வேற எவன் வந்து கத்துனாலும், மொதலாளியே வந்து குதிச்சாலும், மேல கீறவன் அசையமாட்டான். இது எங்க யார்டு சட்டம்.

இன்னொரு சட்டமும் கீது. வேலை நேரத்துல மூஞ்சில ஒண்ணும் காட்டக்கூடாது. முன்னாடி ஒருத்தன் சிக்னல் போட்டுகினே எவன் கூடவோ பேசி சிரிச்சிகினு இருந்தான். மேல இருந்தவன் அவன் கைய வுட்டுட்டு வாயப் பாத்துகினு இருந்துட்டான். ஒரு லாரியோட மூக்கு அப்பளம் ஆயிடுச்சி. அன்னிலேர்ந்து யார்டுக்குள்ள வரும்போது மூஞ்சிய கழட்டி டிபன் பைல வெச்சிடணும், கை மட்டும்தான் பேசணும்னு ஆயிப்போச்சி. எங்களுக்கெல்லாம் சாயங்காலம் மூஞ்சி திரும்ப வந்துரும். நோயலுக்கு அப்டியே ஒட்டிக்கிச்சி. அவன் பொண்ணு கல்யாண போட்டோவ பாத்தா, எல்லாரும் பல்லக் காட்டிகினு கீறாங்கோ, இவன் ஒண்டி பாஸ்போர்ட்டுக்கு குந்துன மாறி கீறான். பாஞ்சு வருசமா அவன் மேல, நான் கீழ. அந்த மூஞ்சிய பத்தி ஒரு நாளும் நான் யோசிச்சதில்ல. ஆளு அப்டி, அவ்ளோதான்.

போன மாசம் ஒரு செவ்வாக்கெழம காலைல சங்கிலில ஒரு கண்ணி வுட்டுச்சி. பன்னெண்டு பிளேட்டு ஒண்ணா கட்டி, ஆளு ஒசரத்துக்கு மேல தூக்கியாச்சி. ஒரு பக்கம் சரிஞ்சி ரெண்டு பிளேட்டு நழுவி, சங்கிலி மாட்ற கலாசி இசக்கிப்பாண்டி காலு மேல வுழுந்துச்சி. மிச்ச பத்தும் ஒத்த சங்கிலில கோணலா தொங்குது, அவன் தலைக்கு நேரா. நான் கை ரெண்டையும் கோத்து நோயலுக்கு புடி போட்டேன். போட்டுட்டு ஓடுனேன். பாண்டிய வெளிய இஸ்தது நானும் ஜெரியுந்தான். ஜெரியும் எங்க யார்டு கலாசிதான். ஆம்புலன்ஸ்ல பாண்டி தலைய மடில வெச்சிகினு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓன்னு அழுதுகினே போனேன். உயிரு பொழச்சிகினான். எடது பாதம் பூடுச்சி.

அப்பால இன்சூரன்ஸ்காரங்கோ ஒரு கண்டிஷன் போட்டாங்கோ. ஆக்சிடெண்ட்ல இருந்த ஆளுங்க மனசு சரியா கீதான்னு பாத்து எழுதி வாங்கணுமாம். திருவொத்தியூர்ல பெர்சிஸ்னு ஒரு மேடம், அதுக்குன்னே படிச்சவங்கோ, ஒரு மாடில ரூம் வெச்சிகினு கீறாங்கோ. நானும் நோயலும் போனோம். நான் உள்ள போயி அர மணி நேரம் அழுதேன். மேடம் டிஷ்யூ பேப்பர எடுத்துக் குடுத்துகினே இருந்தாங்கோ. எனக்கு எழுதுன பேப்பர்ல எமோஷனல், சீக்கிரம் தேறிடுவாரு, வேலை பாக்கலாம்னு இருந்துச்சி. நோயலு உள்ள போனான், பத்தே நிமிசம், வெளிய வந்தான். அவன் பேப்பர்லதான் அந்த வார்த்த. ரெண்டு வாரம் கழிச்சி வெள்ளிக்கெழம திரும்ப வரணும்னும் எழுதியிருந்துச்சி.

வெள்ளத்துரை மொதலாளிக்கு தூத்துக்குடி பக்கம். அந்தப் பேப்பர வெச்சிகினு கண்ணாடிய ஏத்தி எறக்கி பாத்தாரு. "என்னவே இது, இம்பாஸிவ்? ஒருத்தனுக்கு காலு போயிருக்கு. இவன் உணர்ச்சியே இல்லாம இருக்கான்னுல்லா அந்தம்மா எழுதியிருக்கா. இப்பிடிப்பட்டவன நம்பி எப்பிடிவே ஆளுக தலைக்கு மேல இரும்ப தூக்கச் சொல்லுவேன்?"

"மொதலாளி, அவன் எப்பவும் அப்டித்தான்" அப்டின்னேன்.

"எப்பவும் அப்பிடின்னா எப்பவும் தப்புல்லா. அந்த வெள்ளிக்கெழம அந்தம்மா சரின்னு எழுதிக் குடுத்தா கிரேன் வண்டி ஓட்டட்டும். இல்லன்னா கேட்டுல வாட்ச்மேனா போயி உக்காரட்டும். வேற ஆபரேட்டருக்கு சொல்லிவச்சிருக்கேன்."

பக்கத்துலதான் நோயலு நின்னுகினு இருந்தான். கைய முன்னால கோத்துகினு, மழைக்கு ஒதுங்குனவன் மாறி. "சரி மொதலாளி"ன்னான். எனக்கு வந்த கோவத்துல ஒண்ணு மொதலாளிய அடிச்சிருப்பேன், இல்ல இவன அடிச்சிருப்பேன். முப்பது வருசம் கிரேன்ல குந்துனவன கேட்டுல ஒரு ஸ்டூல் போட்டு குந்த வெச்சா, போற வர்ற லாரிக்கெல்லாம் சலாம் போட்டுகினு, அவன் ஆறு மாசம் தாங்கமாட்டான். அந்த சீட்டு பூட்டா நோயலுக்கு வேற ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியும், யார்டுக்கே தெரியும். அவனுக்குத் தெரியுமான்னுதான் அந்த மூஞ்சிய பாத்தா தெரியல.

அன்னிக்கே அந்த வார்த்தய புடிச்சிகினு அலைய ஆரம்பிச்சேன். ஜெரி அவன் போன்ல தட்டிப் பாத்தான். "உணர்ச்சியற்ற, சலனமற்ற. இன்னொண்ணு போட்டுகீது, அசையாத"ன்னு படிச்சான். அப்பால என்ன ஒரு மாறி பாத்து, "அண்ணே, மெய்யாலுமே நோயலண்ணன் அன்னிக்கு எறங்கி வந்து பாண்டிய பத்தி ஒரு வார்த்த கேக்கலண்ணே. நேரா கொழாய்ல போயி மூஞ்சி கழுவிகினு, டிபன் பைய எடுத்துகினு பூட்டாரு"ன்னான். நான் ஆம்புலன்ஸ்ல பூட்டதால அது எனக்குத் தெரியாது. "போடா வேலையப் பாத்துகினு"ன்னு சொல்லிட்டேன். ஆனா அது உள்ள போயி குந்திகிச்சி.

எங்க வூட்டுக்குக் கீழ் வூட்ல ரஹீமுன்னிசா டீச்சர் கீறாங்கோ. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கறாங்கோ. அவங்ககிட்ட பேப்பரையே கொண்டும்போயி காட்னேன்.

"முகத்துல எதையும் காட்டாதவருன்னு அர்த்தம் அண்ணே" அப்டின்னாங்கோ.

"உள்ள ஒண்ணும் இல்லாதவனா, இல்ல இருந்தும் காட்டாதவனா?"

"அதை இந்த வார்த்தை சொல்லாது. முகத்தோட நின்னுடும். உள்ள போகாது."

"சரி, நல்ல வார்த்தயா கெட்ட வார்த்தயா, அத்தயாவது சொல்லு டீச்சரம்மா."

"தீர்ப்பு படிக்கிற ஜட்ஜுக்கும் இதைப் போடுவாங்க. அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கிட்டு நிக்கிற கொலைகாரனுக்கும் இதையே போடுவாங்க. யாரு, எந்த இடத்துல நிக்கிறாருன்னு பாத்துதான் நல்லதா கெட்டதான்னு சொல்லணும்."

"நோயலு ஜட்ஜும் இல்ல, கொலகாரனும் இல்ல. கிரேன் ஆபரேட்டரு."

"அப்ப எனக்குத் தெரியலயே அண்ணே"ன்னுட்டாங்கோ. படிச்சவங்களுக்கே இந்த கதின்னா நான் எங்க போவேன்?

அங்க ஆரம்பிச்சிது எனக்கு பேஜாரு. அதுவரைக்கும் நோயலுக்காக வார்த்தய தேடிகினு இருந்தவன், வார்த்தய வெச்சிகினு நோயல தேட ஆரம்பிச்சிட்டேன். பாஞ்சு வருசமா மூஞ்சி மூஞ்சின்னு நான் பாத்தது இன்னா? அதுல எங்கனா ஒரு தடவ ஒரு ஈரம் இருந்திச்சா? அவன் நைனா செத்தப்போ அழுதானா? அழல. கல்லறை கல்லு மாறி நின்னான். என் பையன் ஜாண்டிஸ்ல கெடந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தான், இன்னா சொன்னான்? "கஞ்சி துன்னானா?"ன்னு கேட்டான், பூட்டான். அன்னிக்கெல்லாம் அது எனக்கு போதுமா இருந்திச்சி. இன்னிக்கு அது பத்தல.

ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பாண்டிய பாக்க ஆஸ்பத்திரிக்கு போனோம். நான் பாண்டி கையப் புடிச்சிகினு ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள அழுதுட்டேன். நோயலு கட்டில் கால்மாட்ல நின்னான். அந்த இல்லாத பாதத்துக்கு நேரா. கைய கோத்துகினு. போர்வை அங்க தட்டையா கெடந்துச்சி, அத்தயே பாத்துகினு நின்னான். கால் மணி நேரம். "சாப்ட்டியா பாண்டி"ன்னு ஒரு தபா கேட்டான். அவ்ளோதான். வெளிய வந்து, "உனக்கு ஒண்ணுமே தோணலயாடா?"ன்னு கேட்டேன். "இன்னா தோணணும் மாமு?"ன்னான். மெய்யாலுமே தெரியாம கேக்கறானா, என்ன டபாய்க்கறானா, எனக்குப் புரியல.

அப்பால நான் செஞ்சது கலீஜான வேலை. சொல்றதுக்கே வெக்கமா கீது, ஆனா சொல்லிட்றேன். செவ்வாக்கெழம மத்தியானம் அவன பிரியாணிக்கு இட்டுகினு போனேன். அவன் பாதி துன்னும்போது, "பாண்டிக்கு ஜுரம் ஏறிடுச்சாம், டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்களாம்"னு ஒரு பீலா வுட்டேன். சும்மா, அந்த மூஞ்சில எதனா அசையுதான்னு பாக்க. ஒண்ணும் அசையல. வாயில இருந்தத மென்னு முழுங்குனான். "அதே வார்டா, மாத்திட்டாங்களா?"ன்னான். "அதே வார்டுதான்"ன்னேன். எல எடுத்து போட்டுட்டு கை கழுவினு பூட்டான். நான் அங்கயே குந்திகினு இருந்தேன். மொதலாளி சொன்னது சரிதானோ, இத்தன வருசமா ஒரு கல்லுக்கு கீழ நின்னுதான் கையாட்டிகினு இருந்தனோன்னு தோணுச்சி. அவன் மேல வெறுப்பா வந்துச்சி. அந்த வெறுப்பு எனக்கே பயமா இருந்துச்சி.

மறுநா காலைல பாண்டிகிட்டேர்ந்து போனு. "அண்ணே, எனக்கு சீரியஸுன்னு நோயலண்ணன்கிட்ட யாரு சொன்னா? நேத்து மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னாவ. நான் ஆப்பிள் தின்னுக்கிட்டு இருக்கேன். பாத்தாவ, அப்பிடியே நின்னுட்டு போயிட்டாவ."

"எதனா சொன்னானா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாவ. அவிய தெனமும் வருதாவண்ணே, உங்களுக்குத் தெரியாதா? ஒண்ணும் பேசமாட்டாவ. கையக் கோத்துக்கிட்டு கால்மாட்டுல நிப்பாவ. நேரமான உடனே நர்ஸம்மா போகச் சொல்லுவா. போயிருவாவ."

தெனமும் போறான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. போயி அழறானா, இல்ல. பேசறானா, இல்ல. நிக்கறான். எதுக்குடா நிக்கற? ஜட்ஜு மாறி நிக்கறியா, கொலகாரன் மாறி நிக்கறியா? நல்லவன்னு நெனைக்கறதா கெட்டவன்னு நெனைக்கறதா தெரியாம எனக்கு சோறு எறங்கல. என் சம்சாரம் அடைக்கலமேரி, "நீ ரெண்டு வாரமா அவன் மூஞ்சிய பத்தியே பேசற. எந்திரிச்சி போயி ஆக வேண்டியத பாரு"ன்னு கத்துனா.

வியாழக்கெழம சாயங்காலம் அவன் வூட்டுக்கு போனேன். மறுநா மேடம் முன்னால அவன் எப்டினா அழுதாவணும், அத்தான் என் பிளான். அவன் சம்சாரம் சாண்ட்ரா டீ குடுத்துச்சி. நான் நாற்காலிய இஸ்து போட்டு எதிர்க்க குந்திகினு, "நாளைக்கு அந்தம்மா கேக்கும்போது கண்ல தண்ணி வெச்சிக்கோடா. பாண்டி கால நெனச்சிக்கோ. எங்க, செஞ்சி காட்டு"ன்னேன்.

அவன் எனக்காக முயற்சி பண்ணான். மெய்யாலுமே பண்ணான். வாய ஒரு பக்கம் இஸ்தான், கண்ண இறுக்கி மூடுனான். பல்லு வலிக்காரன் மாறி இருந்துச்சி. சாண்ட்ரா குபீர்னு சிரிச்சிட்டு, அப்பால முந்தானைய வாயில வெச்சிகினு சமையக்கட்டுக்கு போயிடுச்சி. அங்கேர்ந்து மூக்கு உறிஞ்சற சத்தம் வந்துச்சி.

"வரல மாமு"ன்னான் நோயலு. "கேட்டுல குந்திக்கிறேன். வுடு."

வுடுன்னா எப்டிடா வுடறது? அந்த ராத்திரி பூரா பொரண்டுகினு கெடந்தேன்.

வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு மேடம் ரூமுக்கு போனோம். என்னையும் உள்ள குந்தச் சொன்னாங்கோ, கூட வேலை பாத்தவர் இருந்தா நல்லதுன்னு. சின்ன ரூம். மேசை மேல ஒரு கிளாஸ்ல தண்ணி, ஒரு பேனா, நோயலு பேப்பரு. மேடத்துக்கு முப்பது வயசு கூட இருக்காது. மொகத்துல தூக்கம் கெட்ட களைப்பு.

"நோயல் சார், அன்னைக்கு என்ன நடந்ததுன்னு மறுபடி ஒருதடவை சொல்லுங்க."

"சங்கிலி வுட்டுச்சி. லோடு சரிஞ்சிச்சி. சிக்னல் புடின்னான். புடிச்சேன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அந்த நேரத்துல உங்க மனசுல என்ன இருந்தது?"

"பிரேக்கு"ன்னான்.

எனக்கு பொறுக்கல. "அழுது தொலயேன்டா. இன்னிக்கு ஒரு நா அழுதுட்டு போயேன்டா"ன்னு கத்திட்டேன். மேடம் என்ன கம்முனு இருக்கச் சொன்னாங்கோ. அப்பால அவங்களே அவன்கிட்ட மெதுவா பேசுனாங்கோ. "நான் எழுதினது உங்களைத் திட்டறதுக்கு இல்ல சார். உங்க முகத்துல நான் எதையும் பாக்கல, அதை எழுதினேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரியாம ஆளுங்க தலைக்கு மேல உங்களை ஏத்தி உக்கார வைக்க என்னால கையெழுத்து போட முடியாது. நாளைக்கு உங்களுக்கே எதாவது ஆச்சுன்னா?"

சரியாத்தான் சொல்றாங்கோ.

"கிரேனை விட்டு எப்ப இறங்கினீங்க?"ன்னு கேட்டாங்கோ.

"பக்கத்து யார்டுலேர்ந்து சின்ன கிரேன் வந்து லோட வாங்கிகிச்சி. மொதலாளி எறங்கச் சொன்னாரு. எறங்கிட்டேன்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது நிமிசம்."

நான் திரும்பிப் பாத்தேன். எங்க வண்டி பழைய வண்டி, பிரேக்க கால்லதான் அமுக்கிப் புடிக்கணும். அஞ்சு நிமிசம் அமுக்குனாலே தொடை கட கடன்னு ஆடும். நாப்பது நிமிசம். நான் அப்போ ஆம்புலன்ஸ்ல அழுதுகினு போயிகினு இருந்தேன்.

"அந்த நாப்பது நிமிஷமும் கீழ யாரு சிக்னல் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"யாருமே சொல்லலயா?"

"ஜெரி எறக்கு எறக்குன்னு கத்துனான். மொதலாளி கத்துனாரு. எறக்கல. அவனுங்க நின்ன எடத்துலேர்ந்து அடியில எவன் கீறான்னு தெரியாது. புடி போட்ட ஆளு அங்க இல்ல."

ஆளப் பேர் சொல்லி சொல்லல. என் பக்கம் திரும்பக் கூட இல்ல. அப்போதான் நான் அவன் மூஞ்சிய வுட்டுட்டு கீழ பாத்தேன். கை ரெண்டும் வயித்துக்கு முன்னால கோத்துகினு இருந்துச்சி. நகமெல்லாம் வெளுத்து போயி. மேசைக்கு அடியில வலது காலு, குதிகாலு மேல தூக்கி, முன் பாதம் தரைய அமுக்கிகினு இருந்துச்சி. மொதலாளி முன்னால நின்னானே, அப்பவும் இதே கை. பாண்டி கட்டில்ல, இதே கை. பாண்டியே எங்கிட்ட சொன்னான். பாஞ்சு வருசம் அந்த கைய தெனம் நூறு தபா காட்டுனவன் நான். எனக்குத் தெரியல. ஊர்ல கீற டீச்சருங்களையெல்லாம் போயி கேட்டுகினு இருந்துருக்கேன்.

"நோயலு. கைய ஏன்டா அப்டி வெச்சினுகீற?"

குனிஞ்சி பாத்தான், வேற எவனோட கையோ மாறி. "நீ போட்ட புடி மாமு. நீ இன்னும் எடுக்கல"ன்னான்.

கோவமா சொல்லல. மணி இன்னா ஆச்சின்னு கேட்டா சொல்ற மாறி சொன்னான். வேலைய நடுவுல வுட்டுட்டு ஓடுனவன் நான். அதுக்கு எனக்கு நல்ல மனசுன்னு பேப்பரு. நான் வுட்டுட்டு போன லோட ஒரு மாசமா புடிச்சிகினு கீறவனுக்கு மனசே இல்லன்னு பேப்பரு.

நாற்காலிய தள்ளிட்டு எந்திரிச்சேன். மேடம் இன்னாவோ கேட்டாங்கோ, காதுல வுழல. அவனுக்கு நேரா ரெண்டு அடி தள்ளி, யார்டுல நிக்கற மாறியே கால அகட்டி நின்னேன். வலது கைய நீட்டி, வெரல கீழ காட்டி சுத்துனேன். எறக்கு. மெதுவா. மெதுவா.

அவன் என் மூஞ்சிய பாக்கல. கையதான் பாத்தான். அப்பால வெரலு ஒவ்வொண்ணா பிரிஞ்சிச்சி. மேசைக்கு அடியில குதிகாலு கொஞ்சம் கொஞ்சமா தரைக்கு வந்துச்சி. நான் சுத்திகினே இருந்தேன். தரைய தொட்டப்பால கைய பக்கவாட்ல வீசி முடிச்சிடுச்சின்னு காட்னேன். அவன் ரெண்டு கையையும் எடுத்து மேசை மேல வெச்சான். கை ஆடுன ஆட்டத்துல கிளாஸ்ல இருந்த தண்ணி சிந்திச்சி. மூஞ்சி அதே மூஞ்சி. மேடம் அவன் கையையே பாத்துகினு குந்தியிருந்தாங்கோ.

அப்பால நான் எல்லாத்தயும் சொன்னேன். சட்டம் இன்னா, புடின்னா இன்னா, யாரு போட்டது, யாரு வுட்டுட்டு ஓடுனது, எல்லாம். எழுதிகினே இருந்தாங்கோ. நோயலுகிட்டயும் நெறய கேட்டாங்கோ. அவனும் பதில் சொன்னான், எப்பவும் சொல்றத வுட ரெண்டு வார்த்த கூட. தூக்கத்துல காலு அமுக்கிகினே கீதுன்னு சொன்னான். பாண்டி சாப்ட்டான்னு தெரிஞ்சாத்தான் தனக்கு சோறு எறங்குதுன்னு சொன்னான். ஒரு மணி நேரம் ஆச்சி. ரெண்டு மாசம் வாரா வாரம் வந்து பேசணும், வண்டி ஓட்டலாம்னு எழுதி கையெழுத்து போட்டாங்கோ.

பேப்பர வாங்கிப் பாத்தா அந்த வார்த்த அங்கயே கீது. "மேடம், இத்த அடிக்கலயா?"ன்னு கேட்டேன்.

"அது தப்பில்லையே அண்ணா. இப்பவும் அவர் முகம் அப்படித்தான இருக்கு? அதுக்குக் கீழ கையைப் பத்தியும் எழுதியிருக்கேன்"ன்னாங்கோ.

"அப்ப என் பேப்பர்ல எழுதுனது?"

அடுத்த வாரம் என்னையும் கூட வரச் சொன்னாங்கோ.

எறங்கி ரோட்டுக்கு வந்தோம். ஆர்பருக்கு போற டிரெய்லருங்கோ வரிசையா நின்னுகினு, நகர்ந்துகினு, நின்னுகினு இருந்துச்சி. டீ கடை எதிர்ப்பக்கம். நானே பேச ஆரம்பிச்சேன். "திங்கக்கெழம வண்டில ஏறுவ இல்ல?"

"ஏறுவேன்."

"என்ன மன்னிச்சிட்றா."

டிரெய்லருங்கள பாத்துகினு நின்னான். அப்பால, "கீழ நீ நிக்காத மாமு. ஜெரிய நிக்கச் சொல்லு"ன்னான்.

என் மேல கோவத்துல சொன்னானா, நான் தாங்கமாட்டேன்னு எனக்காக சொன்னானா, இல்ல யார்டுக்கு எது சரியோ அத்த சொன்னானா? மூஞ்சிய பாத்தேன். ஒண்ணும் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. பழக்கம் வுடாம இன்னொரு தபா மூஞ்சியவே பாத்துட்டு, அப்பால ஞாபகம் வந்து கைய பாத்தேன். ஒரு கை சும்மா தொங்கிகினு இருந்துச்சி. இன்னொரு கை, டிரெய்லரு வர்ற நேரத்துல நான் குறுக்க பூடக்கூடாதுன்னு, என் சட்டைய பின்னாலேர்ந்து புடிச்சிகினு இருந்துச்சி.